பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்த அந்த 74ஆம் நிமிடம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

லாஷப்பல்காரன்:
1998 ஜூலை 8, புதன்கிழமை. பாரிசில் ஒரு ரெஸ்டோரன்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பத்து அங்குல டிவி. உலகக்கோப்பைக் கால்பந்து, பிரான்ஸ் குரோவேசியா அரையிறுதி. மேட்ச் கதை எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. குரோவேசியாவுக்கு சூக்கர் அடித்தார், பிரான்சுக்கு துராம் இரண்டு திருப்பி அடித்தார். அவ்வளவுதான்.

எனக்குள் ஒட்டிக்கொண்டது வேறு. ஒரு ஃப்ரீகிக். கோலுக்கு முன்னால் பெனால்டி பெட்டிக்குள் தள்ளுமுள்ளு. எங்கள் டிஃபெண்டர் லோரன் பிளான் கையை வீசி குரோவேசிய டிஃபெண்டர் பிலிச்சைத் தள்ளுகிறார். கை பட்டது தாடைப் பக்கம். மனுஷன் விழுந்ததோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு! ஸ்பானிய நடுவர் நேரே சிவப்பு அட்டை. பிளான் இறுதியாட்டத்தில் இல்லை. பராகுவேயைக் கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்த உடனே ஆட்டத்தை முடிக்கும் கோல்) அடித்து வீட்டுக்கு அனுப்பிய மனுஷன் அவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கோல்கீப்பர் பார்த்தேசின் மொட்டைத் தலையில் முத்தம் கொடுப்பாரே, அவரேதான்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் கையில் சாஸ் கரண்டி. டிவி திரும்பத் திரும்ப ஸ்லோமோஷனில் காட்டக் காட்ட, சாஸ் சொட்டுச் சொட்டாக அவருடைய சப்பாத்தில் விழுந்தது. அவர் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்து "நெற்றியா? நெற்றியா?" என்று கேட்டார், நான்தான் பிலிச் மாதிரி. அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு நாற்பது சொல் இருக்கும். "ஃப்ரோன்" என்றால் நெற்றி என்று அன்றைக்குத்தான் படித்தேன். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் பிலிச் முகம்தான் வரும்.

கிழக்குஹாம் இரவுக்கடை:
அண்ணை, உங்கள் ஆட்கள் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள், 3-0. பிளானுக்குப் பதிலாக இறங்கிய லெபஃப் பிரேசிலின் ரொனால்டோவுக்கு எதிராக ஒழுங்காகத்தான் ஆடினார். இத்தனை வருடமாக அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது? பிளான் கையை வீசாமல் இருந்திருக்கலாம்.

பிலிச்சை நான் வேறு மாதிரித்தான் அறிவேன். 96-97 சீசன், அவர் இங்கே லண்டனில் வெஸ்ட்ஹாம் கிளப்புக்கு ஆடினார். கடை முதலாளியின் மகனுக்கு வெஸ்ட்ஹாம் சீசன் டிக்கெட். அவனுக்குக் காய்ச்சல், "நீ போ" என்றான். நான் பார்த்த முதல் கால்பந்து மேட்ச் அது. வெஸ்ட்ஹாமின் அப்டன் பார்க் மைதானம் ஒடுக்கம், கோட்டுக்கும் கதிரைக்கும் நாலு எட்டுத்தான். எதிரணி கோல்கீப்பர் உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்குகிறது, பிலிச் தலையால் முட்டுகிறார். அந்தச் சத்தம்! ஈரப் பலகையில் பலகை அடித்த மாதிரி. டிவியில் அது கேட்காது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

இன்னொன்று. அந்த சீசன் நடுவிலேயே எவர்ட்டன் என்ற இன்னொரு கிளப் அவரைக் கேட்டுவிட்டது. அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்தில் இருக்கும்போது போகமாட்டேன் என்று சீசன் முடியும்வரை நின்றார், அப்புறம்தான் போனார். இதையும் கொஞ்சம் எழுதுங்கள். ஒரு விழுகையை வைத்து ஆளை அளக்கக் கூடாது.

வியாசர்பாடி பயிற்சி:
நான் அதை இந்திய நேரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் பாதி ஞாபகமில்லை.

ஆனால் பசங்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கார்னர், ஃப்ரீகிக் வரும்போது எதிராளி சட்டையைப் பிடிப்பான். பிடிக்கட்டும். பிடித்த கையைத் தட்டிவிட உங்கள் கையை மேலே கொண்டுபோகவே கூடாது. தோளைத் திருப்பு, ஒரு எட்டுப் பின்னால் வை, பந்து கிளம்பும்போது முன்னால் பாய். பிடித்தவன் சட்டையோடு இழுபடுவான், அது நடுவர் கண்ணில் படும். கை கழுத்துக்கு மேலே போய்விட்டால் நியாயம் உன் பக்கம் இருந்தாலும் நீதான் குற்றவாளி. இப்போதைய விதிப் புத்தகத்தில், பந்துக்குப் போராடாத நேரத்தில் எதிராளியின் தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே கையால் அடித்தால் சிவப்பு, மிகச் சொற்ப வலுவாக இருந்தால் மட்டும் விலக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள், 2016லிருந்து. 98இல் அந்த விலக்கும் கிடையாது, வீடியோ நடுவரும் கிடையாது. இப்போது என்றால் பிலிச் சட்டையைப் பிடித்ததும் தெரிந்திருக்கும், பிளான் தள்ளியதும் தெரிந்திருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மேட்சுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிடுங்கள்.

கிழக்குஹாம் இரவுக்கடை:
சார், தண்ணீர் எங்கிருந்து வந்தது?

சூரிச் லாண்டரி:
எல்லோரும் 98லேயே நிற்கிறீர்கள். பிலிச் என்றால் எனக்கு 2008, வியன்னா, யூரோ காலிறுதி, குரோவேசியா துருக்கி. அப்போது அவர் குரோவேசியாவின் பயிற்சியாளர். நான் ஒரு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. என் ஷிஃப்டில் ஒரு குரோவேசியர், இரண்டு துருக்கியர். சொன்னால் நம்பமாட்டீர்கள், மேட்ச் பார்ப்பதற்காக அன்றைக்கு நாலு பேரும் சாப்பாட்டு இடைவேளையை நகர்த்தி வைத்தோம்.

119ஆம் நிமிடம் குரோவேசியாவின் கிளாஸ்னிச் தலையால் அடித்தார். போன வருடம்தான் சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்த ஆள்! பிலிச் மைதானத்துக்குள்ளேயே ஓடிப்போய்ப் பையன்கள் மேல் விழுந்தார். எங்கள் குரோவேசியர் அழுக்குத் துணி வண்டியின் மேல் ஏறிவிட்டார். இறங்க நேரமில்லை. கூடுதல் நேரமும் முடிந்து, கடைசி உதை என்கிற நேரத்தில் துருக்கியின் செமிஹ் சமன் செய்தார். அப்புறம் பெனால்டியில் மோட்ரிச் வெளியே, ராகிடிச் வெளியே, பெட்ரிச் அடித்ததைத் துருக்கிக் கோல்கீப்பர் ருஷ்டு பிடித்தார். இதெல்லாம் ஆன பிறகும் மனுஷன் வண்டியின் மேலேயே நின்றார். துருக்கியர்கள் கத்தவில்லை. அதில் ஒருவர்தான் கையை நீட்டி இறக்கிவிட்டார். இறங்கியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மிஷினில் துணி போட ஆரம்பித்தார், 90 டிகிரி.

கிழக்குஹாம் அண்ணை சொன்னது சரி. ஆளை ஒரு விழுகையில் அளக்கக் கூடாது. இடுப்புக் காயத்தோடுதான் 98 முழுக்க ஆடினார், அதற்கப்புறம் எவர்ட்டனில் அவரால் பெரிதாக ஆடவே முடியவில்லை. சட்டம் படித்தவர், கிடார் வாசிப்பவர், நாலு மொழி கதைப்பவர்.

லாஷப்பல்காரன்:
சட்டம் படித்தவர்தான், அதனால்தான் சாட்சிக்கு நெற்றியைப் பிடித்தார்.

கிழக்குஹாம் இரவுக்கடை:
சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

சூரிச் தம்பி எழுதியதைப் பார்த்ததும் இன்னொரு இரவு ஞாபகம் வந்தது. 2016 மே 10, அப்டன் பார்க்கில் கடைசி மேட்ச். மான்செஸ்டர் யுனைடெட். பிலிச் அப்போது வெஸ்ட்ஹாம் மேனேஜர், அந்த சீசன் ஏழாவது இடம். டிக்கெட் கிடைக்கவில்லை. கிரீன் ஸ்ட்ரீட்டில் சனம் நெருக்கி, எதிரணி பஸ் வரமுடியாமல், போத்தல் எறிந்து, ஆட்டம் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. அந்தப் போத்தல் விசயம் அசிங்கம், அதில் வாதமில்லை. நான் கடைச் சாமான் ஏற்றிய வேனோடு பக்கத்துத் தெருவில் மாட்டிக்கொண்டேன். வேனில் நாற்பது கிலோ மீன், ஐஸ் உருகி ரோட்டில் ஓடுகிறது. 2-1 பின்தங்கி, 2-2 ஆகி, எண்பதாவது நிமிடம் எங்கள் ரீட் தலையால் அடித்த கோல். ரேடியோவில் வருவதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்துவிட்டது. வேன் கண்ணாடி அதிர்ந்தது. 97இல் கேட்ட அந்த முட்டுச் சத்தம் இந்தத் தடவை கேட்கவில்லை, சனத்தின் சத்தம்தான். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள்.

வியாசர்பாடி பயிற்சி:
மீன் என்ன ஆச்சு சார்?

கிழக்குஹாம் இரவுக்கடை:
பாதி விலைக்கு வித்தேன்.

லாஷப்பல்காரன்:
சரி, ஏன் இந்த இழையைத் தொடங்கினேன் என்று இப்போது சொல்கிறேன். என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது, செயின்ட் டெனியில் ஒரு கிளப்பில் டிஃபென்ஸ் ஆடுகிறான். போன ஞாயிறு கார்னர் நேரம் எதிரணிப் பெடியன் ஒருவன் இவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். நெஞ்சில், நான் கண்ணால் பார்த்தேன். இவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிலிச் என்று ஒருவர் இருந்ததே அவனுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

சூரிச் லாண்டரி:
அட்டை கொடுத்தார்களா?

லாஷப்பல்காரன்:
தள்ளியவனுக்கு மஞ்சள். காரில் வரும்போது பேரனிடம் "நெற்றி வலிக்குதா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.