ஃபுட் பேன்ட்ரியில் சத்தான உணவை எடுக்க வைப்பது எப்படி?

கேள்வி (நியூஜெர்சி)

வணக்கம். இங்குள்ள தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில், தேவைப்படுவோருக்கு இலவசமாக உணவுப்பொருள் வழங்கும் ஃபுட் பேன்ட்ரியில் சனிக்கிழமைதோறும் உதவி வருகிறேன். முன்பு நாங்களே பை கட்டிக் கொடுத்தோம். சென்ற ஆண்டு முதல், கடையில் எடுப்பதுபோல் வருபவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். மனிதர்களை மதிக்கும் முறை இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சர்க்கரை பூசிய காலை உணவுச் சீரியலும் நூடுல்ஸும் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிட, பழுப்பு அரிசியும் காய்ந்த பீன்ஸும் வைத்தது வைத்தபடியே கிடக்கின்றன. வருபவர்களில் பலருக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இருப்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். யாரையும் தடுக்காமல், பொருள்களை அடுக்கும் விதத்தாலேயே நல்ல உணவின் பக்கம் மெல்லத் திருப்ப முடியுமா?

பதில் 1 (மினசோட்டா)

முடியும். எங்கள் மாநிலத்தில் சூப்பர்ஷெல்ஃப் என்ற திட்டம் பேன்ட்ரிகளை இதே நோக்கத்தோடு மாற்றி அமைக்கிறது. நாங்கள் செய்த முதல் மாற்றம், வாசலருகே இருந்த ரொட்டி, கேக் மேசையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் காய்கறி, பழங்களை வைத்ததுதான். பை காலியாக இருக்கும்போது கண்ணில் படுவதற்குத்தான் அதில் முதல் இடம் கிடைக்கிறது. பெரிய தொட்டியின் அடியில் கிடக்கும் நான்கு கேரட்டுகள் பிறர் கழித்துப்போட்டவைபோல் தோன்றும். அவற்றையே சிறிய கூடைக்கு மாற்றினால் எடுக்கிறார்கள். பழுப்பு அரிசி, கறுப்பு பீன்ஸ் டின், தக்காளி டின் மூன்றையும் அலமாரியின் ஒரே தட்டில் வைத்து, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் சமையல் குறிப்பு அட்டை ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

பதில் 2 (உணவியல் ஆலோசகர்)

உணவு வங்கிகளுக்கென்று 2020-இல் வல்லுநர் குழு ஒன்று வகுத்த வழிகாட்டுதல்கள், நிறைவுற்ற கொழுப்பு, சோடியம், கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை ஆகிய மூன்றின் அளவைக் கொண்டு உணவுகளை அடிக்கடி, எப்போதாவது, அரிதாக எடுக்க வேண்டியவை எனப் பிரிக்கின்றன. பல பேன்ட்ரிகள் இதையே பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் காட்டுகின்றன. மொழி தெரியாதவருக்கும் நிறம் புரியும். ஆயினும் சிவப்பு அட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தையோடு வந்த ஒரு தாய், கையிலெடுத்த சூப் டின்னைச் சிவப்பு அட்டையைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததைப் பார்த்த நாளிலிருந்து, பச்சையை மட்டும் ஒட்டச் சொல்கிறேன். உப்பு சேர்த்த பீன்ஸ் டின்தான் இருக்கிறதென்றால், நீரை வடித்து நன்றாக அலசினால் சோடியம் சுமார் 40 சதவீதம் குறையும் என்று தட்டிலேயே எழுதி வையுங்கள். அதுவும் ஒரு நல்ல தூண்டல்தான்.

பதில் 3 (ஓஹையோ)

அடுக்குவதற்கு முன் அவர்களுடைய அடுப்பைப் பற்றிக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். மோட்டல் அறையில் மைக்ரோவேவ் மட்டும் வைத்துக்கொண்டு வாழும் குடும்பத்துக்கு, இரவெல்லாம் ஊறவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்க வேண்டிய பீன்ஸை எந்த உயரத்தில் வைத்தாலும் பயனில்லை. டின் ஓப்பனர் இல்லாத வீடுகளும் உண்டு.

இன்னொன்று: இத்துறையில் படித்ததையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். உணவுத் தேர்வு குறித்துப் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. அவர் ஆய்வு நெறி தவறியதாக 2018-இல் அப்பல்கலைக்கழகமே அறிவித்தது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, திறக்கும்போதும் மூடும்போதும் பொட்டலங்களை எண்ணிக் குறித்துவாருங்கள். ஒரே வாரத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்; மாதக் கடைசியில் அரசின் உணவு உதவித்தொகை தீர்ந்தவர்கள் எடுப்பதும், முதல் வாரத்தில் எடுப்பதும் வேறுவேறாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்தேன். அடுப்பு இல்லாதவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்களுக்காக டின் பீன்ஸையும் உடனடி ஓட்ஸையும் முன்னால் கொண்டுவரப் போகிறோம். குவாத்தமாலாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, வீட்டில் தினமும் கறுப்பு பீன்ஸ்தான் வேகவைப்பதாகச் சொன்னார். பிறகு ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். முழங்காலைத் தொட்டுக்காட்டி, கீழ்த்தட்டில் இருப்பதைக் குனிந்து எடுக்க முடியவில்லை என்றார். அடுத்த வாரம் அந்தப் பைகள் இடுப்பு உயரத் தட்டுக்கு ஏறுகின்றன. எண்ணிக்கையை இங்கே பதிவிடுகிறேன்.