பையனுக்கு வீட்டுவேலை பழக்க யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பேரணாம்பட்டில் இருக்கிறோம். எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை. (2019ல் மாவட்டம் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது, நாங்கள் வேலூரிலேயே நின்றுவிட்டோம்!) காலையில் கம்பெனி வேன் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

பெரியவன் எட்டாவது. சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கும். குழாயில் தண்ணீர் வந்தால் தங்கச்சிதான் குடம் தூக்குகிறாள், இவன் போனை விட்டு நிமிர மாட்டான். அப்பா ஏதாவது கேட்டால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்கிறான். தோல் ஷாப்பில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற மனுஷர், பதில் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்டித்தால் மாமியார், "ஆம்பளப் புள்ள பாத்திரம் கழுவணுமா?" என்று குறுக்கே வருகிறார். சின்னவள் கழுவும்போது மட்டும் யாருக்கும் எதுவும் தோன்றாது.

அடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை. செய்கிற வேலைக்குக் காசு கொடு என்கிறாள் தோழி. சொந்த வீட்டு வேலைக்குக் கூலியா? மனசு ஒப்பவில்லை.

இந்த வயதுப் பையன் இருப்பவர்கள் எந்த வேலையில் ஆரம்பித்தீர்கள்? மாமியாரை எப்படிச் சமாளித்தீர்கள்? ஞாயிறு மட்டும்தான் நான் வீட்டில் இருப்பேன், அதற்குத் தகுந்த மாதிரி சொல்லுங்கள்.