ட்சானஹ்: இறங்கினாளா, கூவினாளா?

எபிரெய வேதாகமத்தில் 'ட்சானஹ்' என்ற வினை மூன்றே இடத்தில் வருகிறது: யோசுவா 15:18, நியாயாதிபதிகள் 1:14, 4:21. முதல் இரண்டில் கழுதைமேல் வந்த காலேபின் மகள் அக்சாள். மூன்றாவதில் கானானியப் படைத்தலைவன் சிசெராவின் தலையைத் துளைத்துத் தரையில் புதையும் கூடார முளை; முளையைக் குறிக்கும் 'யாத்தேத்' பெண்பால் சொல் என்பதால் வினையும் பெண்பாலில் நிற்கிறது.

நம் தமிழ் வேதாகமத்தில் அக்சாள் 'இறங்கினாள்'. யோசுவாவின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'கூவினாள்', லத்தீனில் 'பெருமூச்சுவிட்டாள்'.

பார்த்தவை: நடு எழுத்தான நூனை (ன்) வாவாகப் (வ்) படித்தால் 'ட்சாவஹ்', கத்துதல் (ஏசாயா 42:11). கிரேக்கத்துக்குப் பொருந்துகிறது, ஆனால் முளை கத்தாதே! பண்டைய மெசொப்பொத்தாமியாவின் அக்காத் மொழியில் 'சனாஹு' வயிற்றுப்போக்கைக் குறிப்பது. அந்த வழியில் போன 1970 ஆங்கில மொழிபெயர்ப்பு அவளை வாயு பிரியவைத்தது. தகப்பனிடம் நீரூற்று கேட்கவரும் மகளுக்கு அது ஒட்டவேயில்லை. நவீன எபிரெயத்தில் இதே வேரிலிருந்து பாராசூட் வீரர் 'ட்சன்ஹான்'. பிற்காலச் சொல், சாட்சியாகாது.

'கீழிறங்கு' என்ற பொருளில் இதே மூன்று மெய்களை (ட்ச்-ன்-ஹ்) கொண்ட வினை, எபிரெயத்தின் உறவு மொழிகளான அரபி, அரமேயம், உகரித்து எதிலாவது உண்டா?