புதுப்பிப்பு: அறிவிப்புகளை அணைத்த பிறகு

சமூக ஊடகச் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்துவிட்டதாகவும், இரவில் கைபேசியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதில்லை என்றும் முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

தூக்கம் சீராகிவிட்டது, அதற்குத் தனியாக ஓர் அலாரக் கடிகாரமே போதுமானதாக இருந்தது. அறிவிப்புகள் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. ஒலி நின்ற பிறகும், லிஃப்டுக்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தில்கூடக் கட்டைவிரல் தானாகவே திரையில் அந்தச் செயலி இருக்கும் மூலைக்குப் போயிற்று. 2006-இல் வடிவமைப்பாளர் அஸா ரஸ்கின் உருவாக்கிய, கீழே தள்ளத் தள்ளப் புதிய பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் முடிவில்லா ஸ்க்ரோல், பக்கம் முடிந்ததென்று நின்று யோசிக்க இருந்த இடத்தையும் நீக்கிவிட்டது (அதற்காக அவரே பின்னாளில் வருந்தினார்). அடுத்து வருவது சுவையானதா, சலிப்பானதா என்று தெரியாததுதான் நம்மை இழுக்கிறது; எப்போது கிடைக்குமென்று தெரியாத வெகுமதிக்காக விலங்குகள் விடாமல் முயல்வதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆகவே, மனவுறுதி இல்லை என்று பிள்ளைகளை மட்டும் கடிந்துகொள்வது நியாயமில்லை என்றே கருதுகிறேன்.

இப்போது செயலிகளை நீக்கிவிட்டு, கணினியில் மட்டும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், பெரும்பாலும் அதற்குள் ஆவல் அடங்கிவிடுகிறது. குடும்பத்தினருடன் பேசும் வாட்ஸ்அப் மட்டும் கைபேசியில் இருக்கிறது; அதை நீக்கும் எண்ணம் இல்லை.