குள்ளமான உடல்வாகுக்கு முகூர்த்தப் பட்டு: யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் எனக்குக் கல்யாணம். அடுத்த வாரம் காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கப் போகிறோம்.

என் உயரம் 4 அடி 11 அங்குலம். தோள் குறுகல், இடுப்புக்குக் கீழே அகலம். நிச்சயதார்த்தத்துக்கு அத்தை ஆசையாக வாங்கிக் கொடுத்த பட்டில் கரை ஒரு சாணுக்கு மேல். கட்டியதும் பாதி ஆள் கரைக்குள் போய்விட்டேன்! புதுப் பட்டின் விறைப்பில் கொசுவம் வயிற்றுக்கு முன்னால் குடை மாதிரி விரிந்து நின்றது. அந்தப் போட்டோக்களை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

அதனால் இந்த முறை அரக்கு நிறத்தில், இரண்டு மூன்று அங்குலக் கரையும் சின்னச் சின்னப் புட்டாவுமாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவோ, "முகூர்த்தத்துக்குப் பெரிய கரை இல்லாம என்னடி புடவை?" என்கிறார். கோர்வைக் கரைதான் வேண்டுமாம். கரைக்குத் தனி நாடா ஓட்டி உடலோடு கோத்து நெய்யும் அந்த வேலைப்பாடு எனக்கும் பிடிக்கும். ஆனால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஆளைக் குறுக்கே வெட்டிக் காட்டாதா? ஒரே நிறத்தில் கோர்வை எடுத்துக் கட்டியவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், ஆரணிப் பட்டு எடை குறைவு, உடம்போடு படியும் என்கிறார்கள். முகூர்த்தத்துக்கு எடுபடுமா? உள்ளே வழக்கமான நாடா பாவாடைக்குப் பதிலாக முழங்கால் வரை உடம்போடு ஒட்டி, கீழே மட்டும் விரியும் மீன்வெட்டுப் பாவாடை போட்டால் மணவறையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா? ரவிக்கைக்கு முழங்கை வரை கை வைத்தால் தோள் நிரவலாகத் தெரியுமா?

என்னைப் போல உயரம் உள்ளவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அம்மாவிடம் காட்டப் படம் இருந்தால் இன்னும் நல்லது.