மறு: விலங்குச் சீட்டுகளுக்கு ‘ஒடுக்கம்’ – கலைச்சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் நாங்கள் உருவாக்கிவரும் சோலைக்காட்டுச் சீட்டு விளையாட்டில் ஒரு திறனுக்குப் பெயர் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை வைத்து என் முடிவைச் சொல்கிறேன். (‘அட்டை’ என்று எழுதாமல் ‘சீட்டு’ என்றே எழுதுகிறேன். தொகுப்பில் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் ஒரு சீட்டு இருக்கிறது.)

திறன் இதுதான்: உங்கள் முறை தொடங்கும்போது விலங்கைக் கவிழ்த்து வைக்கலாம். சீட்டில் எழுதிய எண்ணிக்கையில் முறைகள் கழியும்வரை அது தாக்காது, தடுக்காது, பொதுவாக எதிரியின் எதுவும் அதைத் தொடாது. நிமிரும்போது, கழிந்த முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வலுக்கல் (வலுவைக் கூட்டும் கல்) பெறும். அழுங்கு (எறும்புதின்னி) சுருண்டுகொள்வதைப் பார்த்துத் தோன்றிய யோசனை. பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை; காவலுக்கு ஆளில்லாத அந்த முறைகளில் அடி நேரே ஆட்டக்காரர் மேல் விழும்.

> மேஜிக் விளையாட்டில் இருப்பதையே மொழிபெயர்த்தால் என்ன?

ரிச்சர்ட் கார்ஃபீல்டின் மேஜிக் (Magic: The Gathering) என்ற சீட்டு விளையாட்டு 1993இல் வெளிவந்தது. நமக்குப் பக்கத்தில் வரும் திறன்கள் அதில் இரண்டு. 1996இல் மிராஜ் தொகுப்பில் வந்த ஃபேசிங், சீட்டு களத்தில் இல்லவே இல்லை என்று கொள்ளச் சொல்கிறது. 2002இல் ஆன்ஸ்லாட் தொகுப்பில் வந்த மார்ஃப், கவிழ்ந்திருப்பது யார் என்பதை மறைக்கிறது. நம்முடைய விலங்கு களத்தில்தான் இருக்கிறது. அது யாரென்று இருவருக்கும் தெரியும். எதை மொழிபெயர்த்தாலும் பொய்யான விதியைத்தான் சொல்லும்.

> ‘பொந்தடை’ என்று வைக்கலாம். இருவாச்சிக்கு அழகாகப் பொருந்தும்.

கூடலூர் அண்ணன் சொன்னது எனக்கும் மிகவும் பிடித்தது. பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் பிளவு விட்டு வாசலைப் பூசிக்கொள்கிறது. ஆண் கொண்டுவரும் பழத்தை அந்தப் பிளவு வழியேதான் வாங்கித் தின்கிறது. எங்கள் சீட்டிலும் அப்படியே: பெண் உள்ளே இருக்கும்வரை முறைக்கு ஒருதடவை ஆண் சீட்டைச் சாய்க்க (பக்கவாட்டில் திருப்பி வைக்க) வேண்டும். சாய்க்க முடியாவிட்டால் பெண்ணையும் இழக்கிறீர்கள். தொகுப்பிலேயே மனத்தைப் பிசையும் சீட்டு இதுதான். ஆனால் பொந்து மரத்துக்கு உரியது. முள்ளம்பன்றிக்கு வளை, பாம்புக்குப் புற்று, அழுங்கோ எங்கும் புகாமல் தன் உடம்புக்குள்ளேயே புகுகிறது. திறன் ஒன்று, பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

ஆகவே ‘ஒடுக்கம்’. குறள் 486 இதை முன்பே சொல்லிவைத்திருக்கிறது: ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.’ மோதப்போகும் ஆட்டுக்கடா பின்வாங்குவது பயத்தால் அன்று, பாய்ந்து தாக்கத்தான். நம் வலுக்கல் விதியும் அதுவே.

> சின்னப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

‘குளிருக்கு ஒடுங்கிக் கிடக்கான்’ என்று இந்த மலையில் சொல்லாத வீடு எது?

எனக்கு முக்கியமாகப் படுவது வினை வடிவம். சீட்டில் ஒரு வரிக்குத்தான் இடம். தானே செய்வதையும் பிறர் செய்விப்பதையும் ஓர் எழுத்தில் பிரிக்க முடிகிறது: ஒடுங்கினால், ஒடுக்கினால். மார்கழியில் நீலகிரியின் அவலாஞ்சியிலும் தலைகுந்தாவிலும் விழும் உறைபனிக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். அது இருபக்கத்துச் சிறு விலங்குகளையும் ஒடுக்கும். தானாக ஒடுங்கிய விலங்குக்கு வலுக்கல் உண்டு, ஒடுக்கப்பட்டதற்குக் கிடையாது. தனி விளக்கம் இல்லாமலே வினை அதைச் சொல்லிவிடுகிறது. ‘ஒடுக்குமுறை’ நினைவுக்கு வருகிறதே என்றார் ஒரு நண்பர். பனி செய்வது அதுதான், வரட்டும்.

திரும்பி வருவதற்கு ‘எழுதல்’ வேண்டாம். சீட்டில் எழுதுவது என்று குழப்பும். ‘மீள்’ வைத்தால் இங்கேயும் இணை கிடைக்கிறது: காலம் முடிந்து தானே வந்தால் மீண்டது, வேறு சீட்டு வெளியே கொண்டுவந்தால் மீட்டது. செந்நாய்க் கூட்டம் மோப்பம் பிடித்து வெளியே இழுப்பதை மட்டும் ‘மீட்டல்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழுத்துக் கொல்வது மீட்பு ஆகாது. அதற்கு ‘கிளப்பு’ என்று எழுதியிருக்கிறேன். வேட்டையில் முயலைக் கிளப்புவது என்று சொல்வதுண்டுதானே.

இப்போதைய அழுங்குச் சீட்டு:

அழுங்கு. வலு 1, காப்பு 4. ஒடுக்கம் 2. மீண்டால், களத்தில் உள்ள ஒரு கறையான் சீட்டை நீக்கலாம்.

பண்ணைக்காட்டு ஐயா, பழனி மலைப் பக்கம் ‘கிளப்பு’ புழக்கத்தில் உண்டா, வேறு சொல் இருக்கிறதா? அச்சுக்குக் கொடுக்கும் முன் தெரிந்தால் மாற்றிவிடலாம்.