மழை பெய்தால் உனக்குச் சம்பளம் உண்டா?

கோலாலம்பூரில் 11 ஆண்டுகள் கணக்காய்வுப் பணியில் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டு சுங்கை சிப்புட்டில் என் பெற்றோர் வீட்டுக்கே குடிவந்தேன். இங்கிருந்தபடி அதே வேலையைத் தொடர்கிறேன். ஈப்போவுக்கு வடக்கே உள்ள இந்த ஊருக்குத் திரும்பிவர எண்ணுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவக்கூடும்.

2023 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும். எனது முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. எந்தெந்த வேலையை எவ்வாறு முடித்துக் கொடுப்பேன் என்று விளக்கி, மாதம் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வர ஒப்புக்கொண்டு எழுதிய இரண்டாவது விண்ணப்பமே ஏற்கப்பட்டது.

வந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி, அம்மாவைத் தனியே அழைத்து, "பிள்ளைக்கு வேலை போயிருச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. பிள்ளைகள் ரப்பர்த் தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகவே, பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலையைச் செய்த தலைமுறை அது. படித்த மகள் வேலை நாளில் வீட்டில் இருப்பதைக் கண்டு அவர் உண்மையாகவே பதறினார். அம்மாவுக்கும் இரண்டு நாள் உறக்கமில்லை. இணைய வசதியைப் பற்றி எல்லாரும் எச்சரித்தார்கள். இதைப் பற்றி எவரும் எச்சரிக்கவில்லை.

இணையமும் எளிதாக இல்லை. எங்கள் வரிசை வீடுகளுக்குக் கம்பிவழி இணைப்பு இன்னும் வராததால், சன்னலோரம் வைத்த 4ஜி மோடத்தை நம்பியிருக்கிறேன். பிற்பகல் இடிமழையில் ஒரு மோடம் கருகிய பிறகு, வானம் இருண்டாலே அப்பா எழுந்துவந்து மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவார். கூட்டத்தின் நடுவே இருந்தால் கைப்பேசியில் தொடர்ந்துகொள்கிறேன்.

ஒருநாள் அப்படிப் பிடுங்கிய கம்பியைக் கையில் சுருட்டியபடியே, "இன்னிக்கு மழை. உனக்குச் சம்பளம் உண்டாம்மா?" என்று கேட்டார். விடியுமுன் நெற்றி விளக்குடன் ரப்பர்க் காட்டுக்கு மரம் வெட்டப் போனவர் அவர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்கு அவர் காலத்தில் கூலியும் இல்லை. மழை பெய்தாலும் என் மாதச் சம்பளம் குறையாது என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பாட்டியின் வேலியோரம் நின்று, "அதுக்கு மழைக்கும் சம்பளம் உண்டு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் அறைவரை கேட்டது.